தப்பே வராத வாத்தியம்

மடியில வைங்க தம்பி. பயப்படாதீங்க, கடிக்காது. தலைப் பக்கம் இடது கைக்கு வரணும். ஆங், அப்படித்தான். துப்பாக்கியான்னு கேட்டீங்களே, அதுல எனக்கு வருத்தமே இல்லை. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்காரரும் அதைத்தான் கேட்டாரு. கண்டக்டர்தான், "பெரியவரே, கொழந்தைக்கு வாங்கின வீணையா?"ன்னுட்டாரு. இந்த வயசுல எனக்கேதுங்க கொழந்தை? டல்சிமர்னு பேரு. அமெரிக்காவுல மலைச் சனங்க வாசிக்கறது.

இந்தக் குச்சி இருக்குதுங்களே, இதை உங்க பக்கத்துக் கம்பி மேல வெச்சு, அழுத்தி, இக்கட்டயும் அக்கட்டயும் தள்ளணும். வலது கையில இந்த பிளாஸ்டிக் துண்டு. மூணு கம்பியையும் சேர்த்து ஒரு இழுப்பு. அவ்வளவுதான் வேலை. பாட்டு உங்க பக்கத்துக் கம்பியில வரும். மத்த ரெண்டும் சும்மா 'ம்ம்ம்'னு சொல்லிட்டே இருக்கும். வீட்டுல நாம பேசறப்ப ரெண்டு பேரு மறுக்காம உம் கொட்டுனா எப்படி இருக்கும், அந்த மாதிரி.

வாசிங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

கேட்டீங்களா! எடுத்த எடுப்புலயே வந்துருச்சு பாருங்க. முன் சீட்டு அம்மா கூடத் திரும்பிப் பாக்கறாங்க. குச்சியை மட்டும் சித்தெ... இல்லீங்க, இல்லீங்க, வாசிங்க. நான் ஒண்ணும் சொல்லலை.

முன்னப் பின்னத் தெரியாத உங்ககிட்ட எதுக்கு இதைக் குடுத்தேன்னு யோசிப்பீங்க. ஒத்திகைங்க. கோத்தகிரி போய்ச் சேர்றதுக்குள்ள நான் பழகிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்குது. ஒரு வார்த்தை தம்பி. அதை நான் இன்னிக்குச் சொல்லக் கூடாது. த-னாவுல ஆரம்பிக்கும், பு-னாவுல முடியும், நடுவுல ஒரு ப். நீங்க சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன். ஆமா, அதேதான். காலையில எந்திரிச்சதுல இருந்து இந்த நிமிஷம் வரைக்கும் நான் அதைச் சொல்லலை. டீக்கடைக்காரரு கிளாஸைக் கழுவாம வாளித் தண்ணியில முக்கி எடுத்தாரு. இந்த டிரைவர் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளிய வர்றப்பக் கண்ணாடியே பாக்கலை. சொன்னேனா? சொல்லலை. "இதென்னங்க ஓட்டறதா, உருட்டறதா"ன்னு மட்டும்தான் கேட்டேன். அதுக்குப் போயி கண்டக்டரு, "வேணும்னா நீங்க வந்து ஓட்டறீங்களா"ங்கறாரு.

ஓட்டலாம். ஆனா எனக்கு ஓட்டறது தொழில் இல்லை. ஓட்டறவங்களைப் பாக்கறதுதான் தொழில். பிரேக் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவனுங்க நான். பேரு நாச்சிமுத்து. அப்படிச் சொன்னா யாருக்கும் தெரியாது. எட்டு நாச்சிமுத்துன்னு சொல்லணும். லைசென்ஸ் வாங்கறதுக்கு எட்டுப் போடச் சொல்லுவாங்களே, அந்த எட்டு. எந்த ஊரு ஆபீஸ்னு கேக்காதீங்க, எல்லா ஊருலயும் இருந்திருக்கேன். காலை ஊனுனா ஃபெயில். தாசில்தாரு மச்சினனா இருந்தாலும் ஃபெயில். என்ற சம்சாரமா இருந்தாலும் ஃபெயில்.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். தெய்வானைன்னு பேரு. சுகந்தியை, என்ற மகளை, ஸ்கூல்ல கொண்டு போய் விடறதுக்கு வண்டி பழகணும்னா. சரி, பழகுன்னேன். நானே சொல்லிக் குடுத்தேன். சாயங்காலமானாப் போதும், மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போயி, பின்னாலயே ஓடி ஓடி, "தோளை எறக்கு, மொழங்கையை மடக்கு, எதுக்கு இப்பச் சிரிக்கறே"ன்னு. டெஸ்ட்டு அன்னிக்கு எட்டுப் போட்டா. நல்லாத்தான் போட்டா. கடைசித் திருப்பத்துல கால் கட்டை விரல் நுனி தரையில பட்டுருச்சு. நுனிதான். ஆனா ஊனுனா ஊனுனதுதானே? ஆபீஸ் மொத்தமும் என்னையே பாத்துட்டு நின்னுச்சு. ஃபெயில்னேன். அன்னிக்கு ஆபீஸ்ல எனக்கிருந்த மரியாதை இருக்குதே தம்பி! பியூன்ல இருந்து பெரிய அதிகாரி வரைக்கும் அதைப் பத்தித்தான் பேச்சு.

மறுக்கா வந்தா. அந்தத் தடவை காலை ஊனலை. ஆனா கண்ணு தரையைப் பாத்துருச்சு. வண்டி ஓட்டறவங்க முன்னால பாக்கணுமா, தரையைப் பாக்கணுமா? நீங்களே சொல்லுங்க. ரெண்டாவது தடவையும் ஃபெயில். டவுன் பஸ் ஏறி வீட்டுக்குப் போனவ, அந்த மாசம் பூராவும் ராத்திரிக்கு உப்புமாவே கிண்டிப் போட்டா. நான் முகம் சுளிக்காமச் சாப்பிட்டேன். ஒரே ஒரு நாள்தான், உப்பு சித்தெத் தூக்கல்னு சொன்னேன். வண்டி ஆசை அதோட போச்சு அவளுக்கு. அந்த மாதிரி எதையும் மனசுல வெச்சுக்கற பொம்பளை கிடையாதுங்க.

நிறுத்திட்டீங்களே! வாசிங்க. நீங்க வாசிச்சுட்டே இருந்தாத்தான் எனக்குப் பழக்கம் ஆகும். மருந்து கம்பெனி ரெப்புன்னு சொன்னீங்க. டாக்டருங்க முன்னால வாயைத் திறக்காம உக்காந்து பழகுனவரு நீங்க. எனக்கு அந்தப் பயிற்சி கிடையாது.

ரிட்டயர் ஆன மறு வருசம் சுகந்தி எங்க ரெண்டு பேரையும் அமெரிக்காவுக்குக் கூப்பிட்டா. வட கரோலினான்னு ஒரு மாநிலம், மலையடிவாரம். ரோடுன்னா அதுதாங்க ரோடு. ஒருத்தன் ஹாரன் அடிக்க மாட்டேங்கறான். எல்லாரும் கோட்டுக்குள்ளயே போறாங்க. எனக்குப் பைத்தியம் புடிக்காத குறை. விடிஞ்சதுல இருந்து பொழுது சாயற வரைக்கும் ஜன்னல்ல உக்காந்து பாத்தாலும் ஒரு குத்தம் சிக்காது. வேற வழியில்லாம மருமகன் கார் ஓட்டறதைப் பாத்து இருமிட்டிருந்தேன். நான் இருமுனா அதுக்கு அர்த்தம் இருக்குன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். மருமகனுக்கும் தெரிஞ்சுருச்சு. பின் சீட்டுல உக்காரச் சொல்லிட்டான்.

அப்பறம் சுகந்திதான், "அப்பா, லைப்ரரியில பெரியவங்க எல்லாம் சேர்ந்து ஒரு வாத்தியம் வாசிக்கறாங்க, வாங்க"ன்னு இழுத்துட்டுப் போனா. வட்டமா நாற்காலி போட்டு ஏழெட்டுக் கிழவிங்க. தலைவி மாதிரி ஒரு அம்மா, மார்த்தான்னு பேரு. கால் மேல கால் போட்டுட்டுத்தான் வாசிப்பாங்க. நான் ஒண்ணும் சொல்லலை, இருமுனேன். அவங்க தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. அப்பறம் இதே வாத்தியத்தை என்ற மடியில வெச்சு ஏதோ சொன்னாங்க. சுகந்தி மொழி பெயர்த்தா. இதுல அந்த வார்த்தையே கிடையாதாம். கம்பிக்கு அடியில குறுக்குக் கோடு மாதிரி படி படியா இருக்குதே, அதுல எந்தப் படியில குச்சியை வெச்சாலும் சரிதானாம். சேராத சுரத்துக்கு எல்லாம் இதுல படியே வெக்கலையாம். வைக்காத படியில எப்படிங்க காலை வெக்க முடியும்?

நான் நம்பலை. வேணும்னே குச்சியைக் கண்டபடி இழுத்தேன். கோளாறு வரட்டும்னு இழுத்தேன். வரலைங்க. என்ன பண்ணுனாலும் பாட்டு மாதிரியே இருக்குது. கிழவிங்க எல்லாம் என்னைப் பாத்துச் சிரிச்சுட்டே கூட வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி. ஏன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது. சின்ன வயசுல எங்கப்பாரு முன்னால நான் ஒரு வாய்ப்பாடு முழுசாச் சொல்லி முடிச்சதில்லை. ரெண்டு வரி சொல்றதுக்குள்ள பொடனியில ஒரு அடி விழும். அது எதுக்கு இப்போ? கார்ல வர்றப்ப சுகந்தி, "நீங்க அழுது நான் பாத்ததே இல்லைப்பா"ன்னா. ஏசி காத்து கண்ணுல பட்டுருச்சுன்னேன்.

மார்த்தா அம்மா தெய்வானைகிட்டயும் நீட்டுனாங்க. அவ என்னை ஒரு பார்வை பாத்துட்டு, வேண்டாம்னு தலையை ஆட்டிட்டா. ஆர்வம் இல்லை போலன்னு விட்டுட்டேன்.

ஊருக்கு வரும்போது இதை அந்தம்மாவே குடுத்துவிட்டாங்க. "நாலு பேருக்குச் சொல்லிக் குடுங்க"ன்னாங்க. காரமடையில எங்க அடுக்குமாடிக்குப் பக்கத்துலயே ஒரு ஆசாரி இருக்கறாரு. இதைப் பாத்து பலா மரத்துல ஏழு செஞ்சு குடுத்தாரு. மடியாழ்ச் சங்கம்னு பேரு வெச்சேன். நம்ம சனங்க இருக்கறாங்களே, பூரிக்கட்டை வீணைன்னாங்க. இந்தக் குச்சி பூரிக்கட்டை மாதிரி இருக்குதாமா. இருந்துட்டுப் போகட்டும். எங்களுக்கு நேர் மேல் வீட்டுல கமலவேணி டீச்சர், ரிட்டயர் ஆன போஸ்ட்மாஸ்டர் சென்னியப்பன், இன்னும் நாலஞ்சு பேரு, எல்லாரும் வந்தாங்க. சங்கத்துக்கு ஆள் பத்தலைன்னு தெய்வானையையும் உக்கார வெச்சேன்.

மொத நாள் மார்த்தா அம்மா சொல்லிக் குடுத்த மாதிரியே சொல்லிக் குடுத்தேன். பத்து நிமிஷம். பத்தே நிமிஷத்துல எல்லாரும் வாசிக்கறாங்க! டீச்சர் தாலாட்டு வாசிக்கறாங்க. சென்னியப்பன் ஒப்பாரி வாசிக்கறாரு, கேட்டா அவருக்கு அதுதான் சந்தோசமா வருதாம். அசோசியேஷன் ஹால் முழுக்கச் சிரிப்பு. ஏன் தம்பி, பத்து நிமிஷத்துல வந்துருச்சுன்னா அதுக்கென்னங்க மரியாதை? நான் எதுக்கு அங்க நிக்கறேன்? ஒரு முறை வேணுமா வேண்டாமா?

அதனால ரெண்டாவது வகுப்புல முறையைக் கொண்டாந்தேன். மொதல்ல எல்.எல்.ஆர். வண்டிக்கு எப்படியோ அப்படித்தான் வாத்தியத்துக்கும். எல்.எல்.ஆர் போட்டவங்க கம்பியைத் தொடக் கூடாது. பாகத்தோட பேரு படிக்கணும். நாற்காலியில உக்கார்ற முறை, மடியில வெக்கற முறை, குச்சி புடிக்கற முறை. ஒவ்வொரு வாத்தியத்து மேலயும் செவப்புல 'எல்' ஸ்டிக்கர் ஒட்டுனேன். டீச்சர் கேட்டாங்க, "எப்பங்க சார் வாசிக்கறது?"ன்னு. பக்குவம் வந்தப்பறம்னேன். "எனக்கு எழுபத்தொண்ணு ஆகுதுங்க சார்"னாங்க. வயசானவங்களுக்கு அவசரம் ஜாஸ்தி.

எல்.எல்.ஆர் முடிஞ்சவங்களுக்கு எட்டு. ஆமா, இதுலயும் எட்டு இருக்குதுங்க. நானே கண்டுபுடிச்சேன். கீழ் சுரத்துல ஆரம்பிச்சு எட்டாவது படிக்குப் போயி, குச்சியைக் கம்பியை விட்டு எடுக்காமத் திரும்பி வரணும். குச்சியைத் தூக்குனா கால் ஊனுன மாதிரி. பழைய விசில் பீரோவுல இருந்துச்சு, அதையும் எடுத்துட்டுப் போனேன். ஊதுனா அந்த ஹால்ல நல்லாக் கேக்கும். டீச்சரை ஊதுனேன். சென்னியப்பனை ரெண்டு தடவை ஊதுனேன். ஒருத்தரும் தேறலை. இந்த வாத்தியத்துலயும் பிழை வரும்னு மார்த்தா அம்மாவுக்கு எழுதிப் போடணும்னு நினைச்சுட்டேன். பிழைங்கறது வேற வார்த்தை, அதை நான் சொல்லலாம். அனுமதி இருக்குது.

கடைசியா தெய்வானை முறை. அவ எங்க பழகப் போறா, சமையக்கட்டே கதின்னு இருக்கறவன்னு நினைச்சுட்டு நின்னேன். அவ என்ன பண்ணியிருக்கா, நான் மத்தியானம் தூங்கற நேரமாப் பாத்து அடுப்பு மேடையில வெச்சுத் தட்டிப் பாத்திருக்கா. நான் குடுத்த பிளாஸ்டிக் துண்டு வேண்டாம்னுட்டு, நல்லெண்ணெய் டப்பா மூடியை வெட்டி ஒரு துண்டு வெச்சிருந்தா. மொறைப்படி அதுவே கூடாது. சரின்னு பொறுத்துக்கிட்டேன். உக்காந்தா. எட்டுப் போடச் சொன்னா, எட்டைப் போடாம வேறென்னத்தையோ ஆரம்பிச்சா. கும்மி மெட்டுங்க. எங்க கல்யாணத்துக்கு முந்தி அவங்க ஊர்க் கோயில் நோம்பியில அடிப்பாங்களே, அது. நான் கூட ஒருக்கா போய்ப் பாத்திருக்கேன். அதுக்கப்பறந்தான் பொண்ணு கேட்டேன்.

அந்த நல்லெண்ணெய் மூடி கம்பியில படறதும், ரெண்டு கம்பி உம் கொட்டறதும்... நல்லா இருந்துச்சுங்க. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஹால்ல எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. டீச்சர் நாற்காலியைத் தள்ளிட்டு நடுவுல வந்து சுத்திச் சுத்திக் கை தட்டறாங்க. சென்னியப்பன் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டாரு. தெய்வானை தரையைப் பாக்கலை. நிமிர்ந்து என்னையே பாத்துச் சிரிச்சுட்டு வாசிச்சா. அப்பத்தான் அந்தக் குச்சி ஒரு சுரத்துல இருந்து இன்னொரு சுரத்துக்குத் தாவுச்சு. தூக்கிட்டா. கண்ணால பாத்தேன். ஊதாம இருக்க முடியுமா?

ஊதுனேன். அந்த வார்த்தையையும் சொன்னேன். கொஞ்சம் சத்தமா வந்துருச்சு.

தெய்வானை குச்சியைக் கீழ வெச்சா. "இதோட மூணு தடவைங்க"ன்னா. எது மூணுன்னு எனக்கு வெளங்கலை, இது மொத தடவைதானேன்னேன். அவ 'எல்' ஸ்டிக்கரை நகத்தால சொரண்டி எடுத்து என்ற உள்ளங்கையில ஒட்டுனா. வாத்தியத்தைத் தூக்கிட்டு நேரா மாடி ஏறி டீச்சர் வீட்டுக்குப் போயிட்டா. பின்னாலயே எல்லாரும். சென்னியப்பன் கூட! அவரை ரெண்டு தடவை ஃபெயில் பண்ணுனது அவர் நல்லதுக்குத்தானே? அடுத்த வகுப்புக்கு நான் மட்டும் போய் உக்காந்திருந்தேன். எட்டு நாற்காலி. வாட்ச்மேன் எட்டிப் பாத்துட்டு, "ஆள் இல்லைங்களே சார்"னு ஃபேனை நிறுத்திட்டுப் போயிட்டாரு. நான் ஆள் இல்லையா?

அதுல இருந்து சங்கம் மேல் வீட்டுலதான். தெய்வானை வேளாவேளைக்கு வருவா, சமைப்பா, பேசுவா, சிரிப்பா கூட. சண்டையே கிடையாது. ஆனா வாத்தியம் வீட்டுக்குள்ள வராது. மத்தியானம் ஆனா போயிருவா. கொஞ்ச நேரத்துல என்ற தலைக்கு மேல அந்தக் கும்மி மெட்டு கேக்கும். நான் தட்டுல சோத்தைப் பெசைஞ்சுட்டு அப்படியே உக்காந்திருப்பேன். எங்கயாச்சும் இடறுவாங்க, திருப்பி எடுப்பாங்க, எல்லாரும் சிரிப்பாங்க. இடறுனதுக்கு என்னங்க சிரிப்பு? நான் கீழ இருந்து இருமுவேன். மேல சட்டுனு அமைதி ஆகும். அப்பறம் இன்னும் பலமாச் சிரிப்பாங்க.

ஒரு நாள் பாட்டு பாதியில நின்னு போச்சு. என்ன ஆச்சோன்னு கையைக் கூடக் கழுவாமப் படியேறிப் போயிட்டேன். கதவைத் தட்டலை, வெளிய நின்னேன். உள்ள காப்பி குடிச்சுட்டிருந்திருக்கறாங்க. மறுபடியும் ஆரம்பிச்சதுந்தான் எறங்கி வந்தேன். வீடு நல்லா இல்லைங்க தம்பி. அவ்வளவுதான் சொல்லத் தெரியுது எனக்கு. மார்த்தா அம்மா குடுத்த வாத்தியம் என்ற கட்டில் மேல கெடக்குது. நான் தனியா வாசிச்சா எனக்கே குறை தெரியுது. இதுல குறையே வராதுன்னாங்க, எனக்கு மட்டும் வருது.

ஒரு நாள் சோத்துக்கு முன்னால உக்காந்துட்டு வாயை விட்டே கேட்டுட்டேன். "வாத்தியத்தைக் கீழ கொண்டாயேன் தெய்வானை. இங்க வாசி. நான் கேக்கறேன்"னேன். அவ ரசத்தை ஊத்திட்டே சொன்னா. கோத்தகிரியில எஸ்டேட்டுக்காரர் சம்சாரம் ஒருத்தங்க, டீச்சரோட பேத்தி போட்ட வீடியோவைப் பாத்துட்டு, சங்கத்தையே அவங்க பங்களாவுக்குக் கூப்பிட்டிருக்கறாங்களாம். அக்கம் பக்கத்து சனங்க வருவாங்களாம், வர்றவங்க எல்லாரும் வாசிக்கலாமாம். "நீங்களும் வாங்க. எல்லாரோடவும் வட்டத்துல உக்காந்து ரெண்டு மணி நேரம் வாசிங்க. அந்த வார்த்தை உங்க வாயில வராம இருந்துச்சுன்னா, மறுநாளே வாத்தியத்தைக் கீழ கொண்டாறேன். ஒருக்கா வந்துருச்சுன்னா, அப்பறம் அது மேல் வீட்டுலயே இருந்துட்டுப் போகுது"ன்னா.

இவ்வளவுதானா, சரின்னேன். "இருமவும் கூடாது"ன்னா.

பாத்தீங்களா! சொல்லவும் கூடாது, இருமவும் கூடாது. ஆனா நான் சவால்னு வந்துட்டா விட மாட்டேன். எப்படிப் போறது, டாக்ஸி சொல்லட்டுமான்னேன். "நீங்க பஸ்ல வாங்க. நானும் டீச்சரும் அவங்க ஸ்கூட்டியில வர்றோம்"னா. டீச்சருக்கு மொழங்கால் வலி, அவங்க எங்க ஓட்டறதுன்னேன். "நான் ஓட்டறேன்"னா. லைசென்ஸ் இல்லாம மலையேறுவியான்னு கேட்டேன். பர்ஸ்ல இருந்து எடுத்து வெக்கறா தம்பி! லைசென்ஸு! படத்துல சிரிச்சுட்டு வேற இருக்கறா. நான் ரிட்டயர் ஆன பின்னால, வேற ஊரு ஆபீஸ்ல போய் வாங்கியிருக்கா. எந்த மகராசன் குடுத்தாரோ. "எட்டுப் போட்டியா? காலை ஊனலையா?"ன்னு கேட்டேன். "ஊனலை. நீங்க அங்க இல்லை"ன்னா.

ராத்திரி பூரா அதையே யோசிச்சுட்டிருந்தேன். நான் இல்லாததுக்கும் கால் ஊனாததுக்கும் என்னங்க சம்பந்தம்?

அதனாலதான் அவங்களுக்கு முன்னாலயே கெளம்பி இந்த பஸ்ஸைப் புடிச்சேன். வழியில எங்கயாச்சும் வண்டி நின்னு தவிச்சுட்டிருந்தா எறங்கிப் பாக்கலாமேன்னு. பொம்பளைங்க ரெண்டு பேரு, முதுகுல வாத்தியம் வேற. இந்த ரோடு வேற எப்படின்னு நீங்களே பாக்கறீங்க. இந்த டிரைவரே தெணர்றாரு. பாருங்க, பாருங்க, மேல இருந்து லாரி வருது, இவரு இப்பத்தான் கியரை மாத்தறாரு. வளைவுக்கு முன்னாலயே மாத்தியிருக்கணும். நான் ஒண்ணும் சொல்லலை. நிறுத்திட்டாரு. நல்ல கொண்டை ஊசியில கொண்டாந்து நிறுத்திட்டாரு.

நீங்க வாசிங்க தம்பி. அந்த மெட்டு நல்லா இருந்துச்சு, எங்க புடிச்சீங்க? நீங்களாவேவா?

ஒரு நிமிஷம். பின்னால ஹாரன் கேக்குதுங்களா? ஸ்கூட்டி ஹாரன். ஜன்னலைத் தள்ளுங்க, சித்தெத் தள்ளுங்க. மஞ்சக் கலரு... டீச்சர் வண்டிதாங்க. பின்னால உக்காந்திருக்கறது டீச்சர், முதுகுல ரெண்டு வாத்தியமும். ஓட்டறது... ஹெல்மெட்டுக்குள்ள சிரிக்கறா பாருங்க. லாரி போயிருச்சு, இப்ப எங்க வர்றா இவ? பஸ்ஸைத் தாண்டறா. இந்த ஏத்தத்துல! வேகம் கொறைஞ்சா சாய்ஞ்சுரும், சாய்ஞ்சா காலை ஊனித்தான் ஆகணும், ஊனுவா பாருங்க, இங்க எல்லாரும் ஊனுவாங்க, நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன், இதோ...

ஊனலை.

ஊனலைங்க தம்பி. உடம்பை அப்படியே சாய்ச்சு, கண்ணு மேல் ரோட்டைப் பாத்துட்டு... தரையைப் பாக்கவே இல்லை. போயிட்டா. அந்த அக்கட்ட வளைவுலயும் போயிட்டா. இங்கயும் ஒரு சுத்து, அங்கயும் ஒரு சுத்து. எட்டுங்க. ரோட்டுலயே எட்டைப் போட்டுட்டுப் போறா.

ஆனா இண்டிகேட்டர் போடலை பாத்தீங்களா? தாண்டறப்ப இண்டிகேட்டர் போடாமத் தாண்டுனா அது தப்...

என்னங்க? போட்டாளா? நீங்க பாத்தீங்களா? நல்லாப் பாத்தீங்களா? வலது பக்கத்துதா? தாண்டி முடிச்சதும் அணைச்சுட்டாளா?

நான் காலையே பாத்துட்டு இருந்துட்டேன்.

அப்ப ஒண்ணுமே இல்லீங்களா.

இல்லீங்க, ஒண்ணுமில்லை. ஜன்னலைத் திறந்து வெச்சோமே, காத்து கண்ணுல பட்டுருச்சு. பாதி வார்த்தைதானே சொன்னேன்? முழுசா வரலை. நீங்கதான் சாட்சி. அவளுக்குக் கேட்டிருக்காது. பங்களாவுல போயி நான் அவ பக்கத்து நாற்காலியில உக்காந்துக்குவேன். அவ வாசிக்கறப்ப நான் சும்மா மத்த ரெண்டு கம்பியை மட்டும் இழுத்துட்டு இருந்தாப் போதும். உம் கொட்டற மாதிரி. அதுல என்ன வந்துரப் போகுது?

வாசிங்க தம்பி. கோத்தகிரி வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. எப்படி வேணும்னாலும் வாசிங்க, குச்சியை எப்படி வேணும்னாலும் புடிங்க. நான் வெளிய பாத்துட்டு வர்றேன்.

க்கும்.

இல்லீங்க, இது வேற. சளிங்க. மலை ஏறுனாலே எனக்கு இப்படித்தான். நீங்க பாட்டுக்கு வாசிங்க.

க்கும். க்கும்.

ஏனுங்க தம்பி, அந்த சாம்பிள் பையில இருமலுக்கு ஏதாச்சும் வெச்சிருக்கறீங்களா? ரெண்டு மணி நேரம் தாங்கற மாதிரி?